படுவான்கரைக் காடும் வேட்டைத் துவக்கும்: மானுக்கும் பன்றிக்கும் இட்ட ரவைகளின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே, அவ்வாவியின் தென்பகுதியை அடுத்து அமைந்த பழம்பதி மண்டூர். எழுவான்கரையிலுள்ள குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து வந்த யாத்திரிகர் தலைமுறை தலைமுறையாக நாடி வந்தது, சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் கோயிலையே. கப்புகனார் வாய்கட்டி நின்று பூசை செய்யும் வழக்கும், தில்லை மரத்தடியில் வேடர் வேலை வைத்து வழிபட்டனர் என்னும் ஐதிகமும் அக்கோயிலுக்குத் தனிச்சிறப்பு நல்குவன. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' தொட்டு, மார்க் விற்றேக்கர் என்னும் மானிடவியலறிஞர் 1999இல் எழுதிய ஆய்வு நூல் ஈறாக, மண்டூரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கோயிலின் முன்வாயிலில் நின்றே எழுதினர். கோயிலுக்குப் பின்னே மேற்கு நோக்கி விரிந்த வயலையும், வயலுக்கு அப்பாலுள்ள காட்டையும், அக்காட்டில் மான் தேடியும் பன்றி காத்தும் திரிந்தவன் கையிலிருந்த கருவியையும் பற்றி எழுதப்பட்டது சிறிதே. வேடன் வைத்த வேலைப் போற்றும் நாம், அவன் வழிவந்தோர் தோளிற் சுமந்த துவக்கை ஏன் வரலாற்றுப் பொருளாகக் கொள்ளவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஈண்டு யாம் ஆராயப்புகுவது துவக்கினுள்ளும் ஒரு சிறு கூறு. மானுக்கு எத்தகைய குண்டு, பன்றிக்கு எத்தகைய ரவை என்னும் வினாவுக்குக் காலந்தோறும் இந்நாட்டார் அளித்த விடைகளே இக்கட்டுரையின் பொருள். கேட்பவர்க்கு இது வேட்டைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசும் பேச்சாகத் தோன்றலாம். ஆயினும் எவன் கையில் எந்த ரவை இருந்தது என்பதை அறிந்தால், காடு எவனுக்கு உரியதாக இருந்தது என்பதும் உடன் விளங்கிவிடும்.

சங்கச் சான்றோர் இவ்வினாவை அறியாதவரல்லர். வல்வில் ஓரி எய்த ஒரே கணை யானையை வீழ்த்தி, புலியை உருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, ஈற்றில் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது என வன்பரணர் பாடிய செய்தியைப் புறநானூறு கற்ற மாணவர் யாவரும் அறிவர். புலவர் கூற்று மிகையெனினும் அதனுள்ளே ஒரு கொள்கை உண்டு. உருவிச் செல்லுதலே சிறந்த எறிபடையின் இலக்கணம் என்பது அக்கொள்கை. இருபதாம் நூற்றாண்டு பிறக்குமுன் இக்கொள்கை ஐரோப்பியப் படைக்கலச் சாலைகளிலே ஒருமுறை அரியணை ஏறி, உடனே இறக்கவும்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நம் தீவிலே வேட்டைக்குரிய எறிபடையை ஒருவன் தானே தெரிந்து கொண்டமைக்கு எழுத்திற் கிடைக்கும் இனிய சான்று ஒன்று உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலிலே வேடர் அம்புமுனை பெறும் முறையை விவரிக்கின்றார். வேடர் இரவிலே இறைச்சிச் சுமையொன்றைக் கொண்டுவந்து கொல்லன் பட்டடையில் தொங்கவிட்டுச் செல்வராம். தமக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் உடன் வைப்பராம். கொல்லன் அவ்விலையைப் பார்த்து முனை அடித்து அதே இடத்தில் வைத்தால், பின்னரும் இறைச்சி வரும். வையாவிடில் அவனுக்கு இருளில் அம்பு வரும். வாங்குவோனும் விற்போனும் முகம் பாராத இவ்வாணிகத்திலே, இலை ஒன்றே பேச்சும் எழுத்துமாக நின்றது. மானின் மென்றோலுக்கும் மரையின் தடித்த தோலுக்கும் எவ்வகலம், எந்நீளம் வேண்டுமென்பதை வேடன் தன் அனுபவத்தால் அறிந்து இலையிற் கத்தரித்தான். இத்துணைச் சுதந்திரமாகத் தன் எறிபடையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, பின்வந்த முந்நூறு ஆண்டுகளில் படுவான்கரை உழவனுக்குக் கிட்டியதில்லை என்றே கூறல் வேண்டும்.

வேடன் வில்லின் வலிமை அதன் தொலைவிலன்று, அவன் பதுங்கி அணுகும் ஆற்றலிலே தங்கியிருந்தது. சருகு ஒலிக்காமல் விலங்கின் மிக அருகே சென்று எய்தல் அவர் முறை. அகன்ற இரும்பு முனை குருதிக் குழாய்களை அறுத்து விலங்கைக் குருதியொழுக்கினாற் கொல்லும். குண்டு கொல்வது வேறொரு வழியால்; அது தசையை நசுக்கியும் என்பைச் சிதைத்தும் கொல்லும். வில்லிலிருந்து துவக்குக்கு மாறியவன் கருவியை மட்டும் மாற்றவில்லை. விலங்கு இறக்கும் விதத்தையும் மாற்றினான்.

துவக்கு என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழகத்து நண்பர் ஒருவர் 'துவக்கு' எனக் கேட்டால் எதனைத் தொடங்குவது என்று மயங்குவர். துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய 'தூபெக்' அல்லது 'துபக்' என்னும் சொல்லே கடல்வழியும் தரைவழியும் வந்து, அங்கே துப்பாக்கி எனவும் இங்கே துவக்கு எனவும் திரிந்தது. சிங்களத்தார் 'துவக்குவ' என்பர். எனவே துவக்கும் துப்பாக்கியும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே. உள்ளிடும் பொருளுக்கு நம்மவர் வழங்கும் பெயர்களோ நுட்பமானவை. தனித்த பெரிய ஈயவுருண்டை குண்டு, சிறியது ரவை, அதனினும் நுண்ணியது சன்னம். மாவிற்கும் மணலுக்கும் உரிய சொற்களைக் கொலைக்கருவிக்கு இட்டு வழங்கிய எம் முன்னோர், அளவு வேறுபாட்டை எத்துணைக் கூர்ந்து நோக்கினர் என்பது இதனாற் புலனாகும். சுடுதலை 'வெடிவைத்தல்' என்பதும் மட்டக்களப்பு வழக்கு.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டளவில் இத்தீவை அடைந்தபோது கொண்டுவந்த திரித்துவக்கை இந்நாட்டுக் கொல்லர் விரைவிற் கற்றுக்கொண்டனர். சிங்களக் கொல்லர் செய்த துவக்குகள் போர்த்துக்கேயரே புகழும் தரத்தினவாயின. அவற்றின் விசைப்பொறி பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்திருத்தல் இன்றும் நூதனசாலைகளிற் காணத்தக்கது. கிழக்குக் கரையில் 1602இல் ஒல்லாந்தக் கடற்றலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கினான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதனைக் கைப்பற்றினர். இப்போர்களிலே பயன்பட்ட துவக்குகள் போர் ஓய்ந்தபின் கடலில் எறியப்பட்டிரா. படைக்கலம் பழையதானால் வேட்டைக்கலமாதல் எந்நாட்டிற்கும் பொதுவிதி.

இவ்வழி வந்ததே ஊரவர் 'இடியன்' என அழைக்கும் துவக்கு. வாய்வழியாக மருந்தையும் ரவையையும் இட்டு, கோலால் இடித்து இறுக்குவதனாற் பெற்ற காரணப்பெயர் அது. வெடிமருந்தை அளந்து குழலுள் இடுவர், தென்னந்தும்போ பழந்துணியோ அடைப்பாக வைத்து இடிப்பர், அதன்மேற் குண்டு, மேலும் ஓரடைப்பு, பின்னர்ப் பொறி. முதலில் திரியும், பின்பு சக்கிமுக்கிக் கல்லும் பொறியளித்தன. 1807இல் போசைத் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர் தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துவக்கிற் பொருத்த உரிமம் பெற்றார். அதன் வழியே செப்புத் தொப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எங்கும் பரவிற்று. வாத்துக்கூட்டம் கலைந்து பறக்குமுன் குருவானவரால் வெடிவைக்க முடியவில்லை என்பதே அக்கண்டுபிடிப்பின் காரணம் என்பர். படுவான்கரைக்கு இதன் பயன் வேறு. இங்கே பெரும்போக வயலைப் பன்றி உழக்குவது மாரிகாலத்திலே. வாடைக் காற்றும் மழையும் ஓயாத மார்கழி இரவில் கல்பொறித் துவக்கின் கிண்ணத்து மருந்து ஈரமாகிவிடும். விசையை இழுத்தவனுக்குக் கல் தட்டும் ஓசையன்றி வேறொன்றும் கேளாது. செப்புத் தொப்பி மழையில் நின்று வெடித்தது. உழவன் கையில் துவக்கு ஓரளவு நம்பத்தக்க காவற்கருவியானது அதன் பின்னரே எனல் பொருந்தும்.

இனி விலங்குகளை நோக்குவோம். புள்ளிமான் மென்றோலும் மெல்லிய என்பும் உடையது. முன்னங்காற் சப்பைக்குப் பின்னே குண்டு பட்டால் தப்பாது. எனினும் இதயம் பிளந்த மானும் நூறு யார் தூரம் ஓடி விழுதல் வழக்கம். அடர்காட்டில் அந்நூறு யாரே அதனை வேட்டைக்காரன் கண்ணினின்று மறைத்துவிடும். மரையோ உருவத்தில் மானைப்போல மும்மடங்குக்கு மேற்பட்டது. மானுக்கு இட்ட ரவை அதற்குப் போதாது. பன்றியின் இயல்பு முற்றிலும் வேறு. முதிர்ந்த ஆண்பன்றியின் தோளிலே தோலுக்கடியில் குருத்தெலும்பு போன்ற தடித்த கேடயம் ஒன்று வளர்ந்திருக்கும். தம்முட் போரிடுகையில் ஒன்றன் கொம்புப்பல் மற்றதன் மார்பைக் கிழியாதிருக்க இயற்கை அளித்த கவசம் அது. அதன்மேற் சேறு காய்ந்து படிந்திருக்கும். உள்ளே புகுந்த ரவையின் புழையைக் கொழுப்பு அடைத்துவிடுதலால் தரையிற் குருதி சிந்தாது. தடம் பற்றிச் செல்வோன் திகைப்பான். காயமுற்ற மான் ஓடும். காயமுற்ற பன்றியோ திரும்பும். படுவான்கரை ஊர்களிலே தொடையில் தழும்புடைய முதியவர் ஒருவரையேனும் காணாதவர் அரியர். தழும்பின் வரலாறு கேட்டால் அது பன்றியின் வரலாறாகவே முடியும்.

இத்தகைய விலங்குகளுக்கு இடியன் துவக்கு ஏற்றதா? ஆங்கில வேட்டைநூலார் பலர் அதனை எள்ளி நகையாடினர். எம் கருத்தில் அவ்வெள்ளல் பாதியே நியாயம். மண்டூருக்கு மேற்கேயுள்ள உலர்காட்டிலே மரஞ்செடி அடர்ந்த இடத்தில் இருபது, முப்பது யாருக்கு அப்பால் விலங்கு தெரிவதில்லை. ஆவணித் திருவிழாக் காலமாகிய கடுங்கோடையில் சிறு குளங்கள் வற்ற, எஞ்சிய நீர்மடுக்களையே எல்லா விலங்கும் நாடும். அங்கே மரக்கிளைப் பரணிலோ மண்ணிற் பறித்த குழியிலோ காத்திருப்பவனுக்கு இலக்குப் பதினைந்து யார் தொலைவிலேயே வரும். அந்நிலையில் நூறு யார் செல்லும் கருவி அவனுக்கு எதற்கு? மெல்லச் செல்லும் பருத்த ஈயக்குண்டு அத்தொலைவில் செய்யவேண்டியதைச் செய்யும். குறை கருவியிலன்று, பெரும்பாலும் உள்ளிட்ட பொருளிலே இருந்தது. ஈயம் வாங்கப் பொருளற்றவன் ஆணித்துண்டையும் இரும்புச் சில்லையும் இட்டான். அவை உருண்டு திரண்டவை அல்ல ஆதலின் குழலைவிட்டதும் திசை மாறின. தோளில் நுழைய வேண்டியது குடலில் நுழைந்தது. விலங்கு இரண்டு நாட் சென்று எங்கோ ஒரு பற்றையில் இறந்து நாறியது. உழவனுக்கு இறைச்சியும் இல்லை, விலங்குக்கு எளிய சாவும் இல்லை.

இதற்கு மறுதலையாக நின்றவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச்சென்று புகழ்பெற்ற இவ்வாங்கிலேயர், 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேறி, 1855இல் நாடு திரும்புங்காறும் இத்தீவெங்கும் வேட்டையாடினார். மலைநாட்டில் மரையை நாய்களால் மடக்கிக் கத்தியாற் கொன்றார். பதுளைக்குக் கிழக்கே மட்டக்களப்பை நோக்கிச் சரியும் புல்வெளிக் காடுகளிலும் அவர் வேட்டையாடினார். 1854இல் வெளியான அவர் நூலின் பெயரே 'இலங்கையில் றைபிளும் வேட்டைநாயும்' எனப் பொருள்படும். அவர் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரைக் கொண்டு செய்வித்த றைபிள் இருபத்தொரு இறாத்தல் நிறையுடையது. அதன் உருண்டைக் குண்டு மூன்று அவுன்சு, கூர்ங்குண்டு நான்கு அவுன்சு. ஒரு வெடிக்கு இட்ட மருந்தோ முழுதாக ஓரவுன்சு. நம் உழவன் ஒரு போகம் முழுவதும் வயல் காக்கச் செலவிட்டிருக்கக்கூடிய மருந்தைப் பேக்கர் ஒரு காலைப்பொழுதில் எரித்தார் என்றால் அது பெரிதும் பிழையாகாது. அவர் கருவி பற்றிக் கூறுவன யாவும் கூர்மையானவை. தம் வீரம் பற்றிக் கூறுவனவற்றை வாசகர் தக்க அளவு குறைத்துக் கொள்ளலாம்.

அக்காலத்தே பேக்கர் மட்டுமல்லர் இதில் மூழ்கியிருந்தவர். பதுளையில் அரசாங்க முகவராயிருந்து 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனச் சமகாலத்தார் கணக்கிட்டனர். ஆட்சி செய்தோரே வேட்டையாடினர். அவர்களே பின்னர் வேட்டைச் சட்டமும் வகுத்தனர் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

குழலின் அளவைக் குறிக்கும் முறையும் அக்காலத்தின் எச்சமே. உரிமச் சீட்டில் '12 போர்' என எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மாணவர் யுத்தத்தோடு தொடர்புபடுத்த வேண்டா. 'போர்' என்பது குழற்புழையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவ்வுருண்டையொன்று எப்புழையில் அடங்குமோ அதுவே 12 போர். அவ்வுருண்டையின் குறுக்களவு ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், நிறை 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பதினாறாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும். எனவே எண் கூடக் குழல் ஒடுங்கும். பின்வாயால் தோட்டாவிடும் துவக்கு 1860களில் பரவியபோது பழைய எண்கள் அப்படியே நிலைத்துவிட்டன.

தோட்டா வந்தபின் உழவன் தன் ரவையைக் கடையிலே எழுத்துப் பார்த்து வாங்கலானான். பிரித்தானிய வழக்கின்படி எஸ்.ஜி. எனக் குறித்த தோட்டாவில் ஒவ்வொரு ரவையும் ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர் பருமனுடையது. எட்டுச் சேர்ந்தால் ஓரவுன்சு. எல்.ஜி. அதனினும் பெரிது, பி.பி. என்பது ஓரவுன்சுக்கு எழுபது கொண்ட சிறுரவை. மானுக்கும் பன்றிக்கும் எஸ்.ஜி., பறவைக்கும் முயலுக்கும் சிறுரவை என்பது இந்நாட்டு வேட்டைக்காரரின் பொதுவிதியாயிற்று. இவ்விதியின் எல்லையை அறிந்தோர் சிலரே. உருண்டை வடிவான ஈயம் காற்றில் விரைவிழப்பது மிக விரைவு. மேலும் ரவைகள் செல்லச் செல்ல விரியும். முப்பது யாரில் மானின் மார்பில் நான்கைந்து ரவை பதியும். அறுபது யாரில் ஒன்று பட்டாலும் பட்டது, அதுவும் எங்கே என்பது தெரியாது. பன்றியின் தோட்கேடயத்தைச் சாய்வாகத் தாக்கிய ரவை அதனுள் தங்கிவிடுவதும் உண்டு. அனுபவமிக்கோர் பன்றிக்குத் தோளைக் குறிவையாது காதின் அடியையோ, பக்கவாட்டில் திரும்பி நிற்கையில் முன்னங்காலின் பின்புறத்தையோ நோக்கியதன் காரணம் இதுவே. மாரியில் இன்னோர் இடர்ப்பாடு: தாள்தோட்டா ஈரத்தால் வீங்கிக் குழலுட் செல்லாது. பித்தளைத் தோட்டாவை மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் வெப்பநாடுகளில் நிலவியது அதனாலே. 1960 அளவில் பிளாத்திக்குத் தோட்டா வந்த பின்னரே அவ்விடர் தீர்ந்தது.

றைபிளின் கதை வேறொரு பாதையிற் செல்கின்றது. குழலின் உட்புறம் புரிகள் வெட்டி, குண்டைச் சுழலவிட்டு நேரே செலுத்துவது அதன் சூத்திரம். 1888இல் பிரித்தானியப் படை .303 அங்குலக் குழலுடைய றைபிளை ஏற்றது. சிலவாண்டுகளிற் கரிய மருந்து நீங்கிப் புகையற்ற கோடைற்று வந்தது. முன்னர் அரை அங்குலத்தை அணுகிய ஈயக்குண்டு இப்போது விரற்பருமனினும் குறைந்து, செப்புநிக்கல் உறை போர்த்து, முன்னினும் மிகுந்த தொலைவு சென்றது. வன்பரணர் பாடிய உருவிச் செல்லும் கணை கைகூடியது என்றே படைத்தலைவர் மகிழ்ந்தனர். ஆனால் 1895இல் சித்திரால் எல்லைப் போரிலே அக்குண்டு எதிரியை உருவிச் சென்றும் அவன் தொடர்ந்து ஓடிவந்தான் என முறைப்பாடு எழுந்தது. குண்டு தன் வலிமையைச் செலவிடாமலே மறுபக்கம் வெளியேறிவிட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையிலே உறையின் நுனியை நீக்கி ஈயத்தை வெளிக்காட்டிய குண்டு செய்யப்பட்டது. அது உடலுட் புகுந்ததும் காளானைப்போல் விரிந்தது. 1899இல் ஹேக் நகரிற் கூடிய மாநாடு அத்தகைய குண்டைப் போரிற் பயன்படுத்துதல் தகாதெனப் பிரகடனம் செய்தது. பிரித்தானியா 1907இலேயே அதற்கு இணங்கியது.

இங்கே சிந்தைக்குரிய முரண் ஒன்று உளது. மனிதன்மேல் ஏவுதல் கொடுமை என விலக்கப்பட்ட அதே வகைக் குண்டே, மான்மேல் ஏவுதற்கு அறமானது என வேட்டை உலகம் ஏற்றது. இரண்டிலும் காரணம் ஒன்றே: விரியும் குண்டு விரைந்து கொல்லும். போர்வீரனைக் கொல்லாமற் செயலறச் செய்தல் போதும். விலங்கை உயிரோடு காயப்படுத்தி விடுதலோ பெருங்கொடுமை. பன்னாட்டு வழக்கில் ஒரு பொருளே இடம் மாறினால் குற்றமும் கருணையுமாகும் இந்நிலைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு யாம் அறியோம். அவ்விரியும் குண்டிலும் விலங்குக்கேற்ற தெரிவு உண்டு. மானுக்கு மென்னுனிக் குண்டு விரைவில் விரிந்து பயனளிக்கும். பன்றியின் கேடயத்தில் அதுவே மேற்றசையிற் சிதறிப் புண்ணாக்கி நின்றுவிடக்கூடும். ஆதலால் பன்றிக்கும் மரைக்கும் நிறைமிக்க, மெல்ல விரியும் குண்டே தக்கது. உருவலும் விரிதலும் என்னும் இரண்டுக்கும் இடையே விலங்கறிந்து நிற்பதே இக்கலையின் சாரம்.

இச்சாரத்தை மண்டூர் உழவன் அறிந்திருந்தாலும் பயன் என்ன? றைபிள் அவனுக்கு எட்டவில்லை. ஹரி ஸ்ரோறி 1907இல் இலங்கை வேட்டை பற்றி வெளியிட்ட நூல் தோட்டத் துரைமாருக்கும் குடியேற்ற அதிகாரிகளுக்கும் எழுதப்பட்டது. சட்டங்களும் அவ்வாறே அமைந்தன. 1872இல் எருமை முதலியவற்றை வீணே கொல்வதைத் தடுக்கும் முதற் சட்டம் வந்தது. 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் நிறுவப்பட்டது. அதனை நிறுவியோருள் வேட்டைக்காரரே மிகுதி. 1916இல் துவக்குச் சட்டமும், 1937இல் விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. இச்சட்டங்கள் இல்லாதிருந்தால் இன்று மானே இராது என்பது உண்மை. மான்தோலும் கொம்பும் பொதி பொதியாக ஏற்றுமதியான காலம் ஒன்றிருந்தது. ஆயினும் பொழுதுபோக்காகக் கொல்வோனுக்கு உரிமச் சீட்டும், பசிக்காகவோ பயிருக்காகவோ கொல்வோனுக்குக் குற்றப் பத்திரிகையும் கிடைத்த நிலையை மறைத்தலாகாது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க முகவராயிருந்த லெனாட் வுல்வ், 1913இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் நாவலிலே இந்நிலையை அகத்தே நின்று காட்டினார். அதன் நாயகன் சிலிந்து காட்டையன்றி வேறொன்றும் அறியா வேட்டைக்காரன். நெருக்குண்டு நெருக்குண்டு ஈற்றில் அவன் துவக்கு விலங்கை விட்டு மனிதரை நோக்கித் திரும்புகின்றது. நீதிபதியாயிருந்து தீர்ப்பளித்த ஒருவரே தீர்ப்பளிக்கப்பட்டவன் பக்கம் நின்று எழுதிய அந்நூலை நம் மாணவர் அவசியம் கற்றல் வேண்டும். வைத்தியர் ஆர். எல். ஸ்பிற்றல் 1941இல் எழுதிய திசாகாமி என்னும் வேடனின் கதையும் ஏறக்குறைய இவ்வழியினதே.

படுவான்கரையின் தோற்றமே 1950களில் மாறிற்று. கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் 1951 அளவில் நிறைவுற, காடு வயலாயிற்று. எண்ணாற் பெயர்பெற்ற குடியேற்றக் கிராமங்கள் தோன்றின. வயல் பெருகப் பன்றியும் பெருகிற்று. புலியற்ற இத்தீவிலே பன்றிக்குப் பகை சிறுத்தையும் மனிதனுமே. போடியார் வீட்டுத் துவக்கும், முல்லைக்காரன் வாடியில் எரியும் தீவறையும், இரவெல்லாம் கூவும் காவலும் வட்டைக்கு வட்டை இருந்தன. அக்காலத்தில் எஸ்.ஜி. தோட்டா ஒன்றின் விலையும் ஒரு பன்றி ஓரிரவிற் கிண்டும் வரம்பின் அளவும் ஒருங்கே எண்ணிப் பார்த்தே விசை இழுக்கப்பட்டது.

1971 ஏப்பிரிற் கிளர்ச்சியிலே கிளர்ச்சியாளர் கையில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை வேட்டைத் துவக்குகளே. அன்றுதொட்டு உழவன் துவக்கை அரசு நோக்கிய கண் மாறிற்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே படுவான்கரையில் துவக்கு வைத்திருத்தல் எப்பக்கத்தாரிடமும் ஆபத்தை வரவழைப்பதாயிற்று. உரிமம் பெற்ற துவக்குகள் கைவிட்டுப் போயின. வயல் காவல் வெறுங்கையோடு நின்றது. போர் முடிந்த பின்னரும் பழைய நிலை மீளவில்லை.

வெறுங்கை வெறுங்கையாகவே இருக்கவில்லை என்பதே துயரம். இரகசியமாகச் செய்த இடியன்களும், அவற்றினும் கொடிய கட்டுத்துவக்கும் பரவின. விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே கயிறு கட்டி, அது இழுபட்டதும் வெடிக்குமாறு துவக்கைப் பிணைத்து வைப்பதே கட்டுத்துவக்கு. அதற்குக் கண்ணில்லை; பன்றி என்றும் கன்று என்றும் விறகு பொறுக்கச் சென்ற பெண் என்றும் அது பிரித்தறியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டிய குழல் மனிதனின் முழங்காலைச் சிதைக்கும். இத்தீவின் உலர்வலய வைத்தியசாலைகள் அத்தகைய காயங்களை நன்கறியும். தீனியில் மறைத்து வைக்கும் வாய்வெடி அதனினும் இழிந்தது. பன்றிக்கென வைத்த அதனை யானைக்கன்று கடித்து, தாடை சிதைந்து, உண்ணவும் நீரருந்தவும் இயலாமல் வாரக்கணக்கில் வாடி மடிகின்றது. அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டு யானைச் சாவுகளின் முதன்மைக் காரணங்களுள் இவ்வாய்வெடியும் ஒன்று. எந்த விலங்குக்கு எந்த ரவை என ஆய்ந்து தெரிந்த கலையின் முழுச் சிதைவு இதுவே. வெடிவைப்பவன் அங்கே நிற்பதுமில்லை, விலங்கைக் காண்பதுமில்லை.

ஈயத்தைப் பற்றிய புதிய அறிவு ஒன்றையும் இவண் சேர்த்தல் தகும். றைபிள் குண்டு விலங்கின் உடலில் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள்கள் காயத்துக்கு வெகு தொலைவிலுள்ள தசையிலும் படிகின்றன என்பதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டியுள்ளன. குழந்தைகளுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் ஈயம் எவ்வளவிலும் நன்றன்று. மேனாடுகள் சிலவற்றிலே முழுச்செப்புக் குண்டுக்கு மாறுதல் இதனாலே. கலிபோர்ணியா மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டையே தடைசெய்துவிட்டது. அங்கே கொண்டோர் என்னும் பெருங்கழுகு காயமுற்ற மானின் ஈயத்தைத் தின்று அழிவின் விளிம்பை அடைந்தமையே முதற்காரணம்.

இன்று இத்தீவிலே மானும் மரையும் உக்குளானும் சட்டத்தாற் காக்கப்பட்டவை. அவற்றுக்கென ரவை தெரிவார் எவருக்கும் சட்டத்தில் இடமில்லை. பன்றியின் நிலை வேறு. பயிரழிக்கும் விலங்காகவே அது கருதப்படுகின்றது. வெல்லாவெளியைச் சூழ்ந்த போரதீவுப்பற்று ஊர்களிலே இக்காலத்தில் உழவனுக்கு உறக்கம் கெடுப்பது பன்றியினும் யானையே. மாலையானதும் பரணில் ஏறும் காவற்காரனிடம் வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானைவெடிகள் சில இருக்கும். அவற்றுட் குண்டுமில்லை, ரவையுமில்லை, சன்னமுமில்லை. ஓசை ஒன்றே உண்டு. முதலிரண்டு வெடிக்கு யானை விலகும், பழகிய யானை அதற்கும் விலகாது, மூன்றாம் வெடியைக் கொளுத்துமுன் கதிர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காவற்காரன் எட்டிப் பார்ப்பான்.